ஏரி தூராமல் காக்கும் வழி: மணலும் வண்டலும் தங்கும் அமைப்புகள்

மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியாக ஏரிக்கு வந்து சேரும் ஜலம் தெளிந்திருப்பதில்லை. செந்நிறமாகவும் கலங்கலாகவும் ஓடிவரும் அந்த வெள்ளம், மேட்டு நிலங்களின் மண்ணையும் ஓடைகளின் மணலையும் உடன் சுமந்துகொண்டே வருகின்றது. ஏரி நிரம்புவதைக் கண்டு மகிழும் குடியானவர்கள், ஜலத்தோடு மண்ணும் நிரம்புவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஜலம் மடை வழியே வயலுக்குப் போய்விடும். மண்ணோ ஏரியிலேயே தங்கிவிடும். ஆண்டுதோறும் இவ்விதம் சேரும் தூர், ஒரு தலைமுறைக்குள் ஏரியின் கொள்ளளவைப் பெரிதும் குறைத்து, கடைமடைக் குடிகளின் நிலங்களைத் தரிசாக்கிவிடுகின்றது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் தூரினால் கொள்ளளவு குறையாத ஏரியைக் காண்பது அரிது.

தூர் சேர்ந்தபின் அதை வாரி எடுப்பது ஒரு வழி. தூர் ஏரிக்குள் வருமுன்பே அதை வழியில் நிறுத்திவைப்பது மற்றொரு வழி. முதல் வழியை யாவரும் அறிவர். இரண்டாவதைப் பற்றியே இப்பாடம் விவரிக்கின்றது.

1. தூர் சேர்வதால் உண்டாகும் நஷ்டம்

நஷ்டத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குல கனத்துக்கு மண் படிந்தால் அம்மண்ணின் அளவு 3,630 கன அடியாகும். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஓர் ஏரியில் அதே ஓர் அங்குலம் படிந்தால் 3,63,000 கன அடி மண் சேர்ந்துவிட்டது என்று பொருள். வண்டி ஒன்றுக்கு 20 கன அடி மண் ஏற்றுவதாகக் கொண்டால், அந்த ஓர் அங்குலத்தை அப்புறப்படுத்த 18,150 வண்டிச் சுமை வேண்டும்.

அம்மண் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டதோ அவ்வளவு ஜலம் ஏரியில் குறைந்துபோயிற்று. நெற்பயிர் ஒன்று விளைந்து முடிவதற்கு நிலத்தின்மேல் மொத்தம் 4 அடி உயரத்துக்கு ஜலம் பாய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மேற்கூறிய ஓர் அங்குலத் தூரினால் ஒவ்வொரு முறை ஏரி நிரம்பும்போதும் 2 ஏக்கர் நெல்லுக்குரிய ஜலம் நஷ்டமாகின்றது. பத்து அங்குலம் சேர்ந்துவிட்டால் 20 ஏக்கர் ஆயக்கட்டு தரிசாகிவிடும். தரிசாகும் நிலம் தலைமடையில் உள்ளவருடையதன்று. தலைமடைக்காரர் தம் வயலுக்கு ஜலம் பாய்ச்சிக்கொள்வர். கடைமடையில் உள்ள சிறு குடியானவர்களே பயிரைக் காய விட நேரும்.

மற்றொரு கேடும் உண்டு. பருமணல் ஏரிக்குள் நெடுந்தூரம் செல்வதில்லை. வரத்துக்கால் ஏரியில் விழும் முகத்துவாரத்திலேயே அது மேடிட்டுவிடுகின்றது. அதனால் வரும் வெள்ளம் நேராக உட்செல்லாமல் இருபுறமும் பரவி, நீர்ப்பிடிப்பை ஒட்டிய பட்டா நிலங்களை அழிக்கின்றது. கொள்ளளவு குறைந்ததை ஈடு செய்யக் கலிங்கை உயர்த்த வேண்டும் என்று ஆயக்கட்டுதாரர் கோருவர். உயர்த்தினால் தம் நிலம் மூழ்கும் என்று மேல்புறத்தார் தடுப்பர். பல கிராமங்களில் நெடுங்காலமாகத் தீராமலிருக்கும் ஏரி வழக்குகளின் வேர் இவ்விதம் சேர்ந்த மணலிலேயே இருக்கின்றது.

2. ஜலம் மண்ணைச் சுமப்பதும் இறக்குவதும்

ஓடும் ஜலத்துக்கு மண்ணைச் சுமக்கும் சக்தி அதன் வேகத்தினால் உண்டாகின்றது. வேகம் சிறிது கூடினாலும் அச்சக்தி மிகப் பெரிதாகக் கூடும். வேகம் இரட்டித்தால், உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகின்றது என்பது ஜல சாஸ்திர நிபுணர்கள் கண்ட விதி. கோடையில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை, ஐப்பசி மழையில் பெரும் பாறைத் துண்டுகளைப் புரட்டிச் செல்வது இதனாலேயே.

இதே விதி மறுதலையாகவும் உண்மையாகும். வேகத்தைச் சிறிது குறைத்துவிட்டால் ஜலம் தன் சுமையில் பெரும்பகுதியை உடனே இறக்கிவிடும். வண்டல் தடுக்கும் அமைப்புகள் யாவும், அவை கல்லால் கட்டியவையாயினும் புல்லால் ஆனவையாயினும், இந்த ஒரே தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டவை. ஜலத்தின் வேகத்தைக் குறைத்தல், அது இறக்கும் மண்ணுக்கு இடம் வைத்தல், அம்மண்ணை வசதியாக எடுத்து அப்புறப்படுத்துதல் ஆகிய மூன்று காரியங்களையும் செய்வதே நல்ல அமைப்பின் இலக்கணம்.

எல்லா மண்ணும் ஒரே விதமாகப் படிவதில்லை. அசையாத ஜலத்தில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணலுக்கு ஏறத்தாழ 10 விநாடி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள பொடிமணலுக்கு ஏறத்தாழ 2 நிமிஷம் ஆகும். நூறில் ஒரு பங்கான வண்டலுக்கு 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். ஆயிரத்தில் ஒரு பங்கான களித்துகளுக்கோ ஒரு வாரம் வேண்டும். ஆகவே மணலை எளிதில் பிடிக்கலாம். வண்டலை ஓரளவு பிடிக்கலாம். களியை ஓடும் ஜலத்தில் பிடிப்பது இயலாத காரியம். இதை அறியாமல் சிறு குழி ஒன்றைத் தோண்டிவிட்டு, ஜலம் இன்னும் கலங்கலாகவே வருகின்றது என்று குறை கூறுவது நியாயமன்று.

3. புட்டிச் சோதனை

எந்த அமைப்பு எந்த இடத்துக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிக்குமுன், வெள்ளத்தில் வருவது எவ்வகை மண் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பெரிய ஆராய்ச்சிசாலை தேவையில்லை. நல்ல மழை பெய்து வரத்துக்கால் வேகமாக ஓடும்போது, வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் அடிமட்டத்து ஜலத்தையும், மற்றொன்றில் மேல்மட்டத்து ஜலத்தையும் மொண்டு, ஆடாமல் ஓரிடத்தில் வைக்க வேண்டும். முதல் நிமிஷத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் படியாமல் கலங்கி நிற்பது களி. ஒவ்வொரு படிவின் உயரத்தையும் புட்டியின் வெளிப்புறத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இச்சோதனையால் இரண்டு உண்மைகள் புலனாகும். அடிமட்டத்து ஜலத்தில் மேல்மட்டத்தைக் காட்டிலும் மணல் மிகுதியாக இருக்கும். மழை தொடங்கிய முதல் வெள்ளத்தில், பின்வரும் வெள்ளத்தைக் காட்டிலும் பெரும்பாலும் மண் அதிகமாக இருக்கும். பள்ளிக்கூட மாணவர்களைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் இச்சோதனையைச் செய்து குறித்துவைத்தால், மேட்டு நிலங்கள் காக்கப்படுகின்றனவா, அரிக்கப்படுகின்றனவா என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

4. முன்னோர் கையாண்ட முறைகள்

தமிழ்நாட்டில் ஏரி வெட்டியவர்கள் தூரைப் பற்றி அறியாதவர்களல்லர். உத்தரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், கிராம சபையின் குழுக்களுள் ஏரி வாரியம் என்ற ஒன்றைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்று ஆண்டுதோறும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குழு அது. ஓடங்களைக் கொண்டு ஏரியின் மண்ணை எடுத்துக் கரையில் இடுவதற்கு நிவந்தம் ஏற்படுத்திய செய்தியையும் பழங்கல்வெட்டுகளில் காணலாம்.

அவர்கள் கட்டிய குமிழித் தூம்பு மிகவும் கவனிக்கத்தக்கது. கரைக்கு உட்புறத்தில், ஏரியின் தரையில், கல்தொட்டி ஒன்றை அமைத்து, அதிலிருந்து கரையின் அடியாக வயலுக்குச் சுரங்கம் விட்டிருந்தனர். தொட்டியின் மேற்கல்லில் நீரோடித் துளையும், அடியில் சேறோடித் துளைகளும் இருந்தன. இரண்டு கல்தூண்களின் நடுவே நின்ற தண்டைத் தூக்கினால் நீரோடித் துளையின் அடைப்பு விலகும். ஜலம் வேகமாகச் சுரங்கத்தில் பாயும்போது, அடித்துளைகளின் வழியாகச் சேறும் இழுக்கப்பட்டு ஜலத்துடன் கலந்து வயலுக்குச் செல்லும். இவ்விதம் தூம்பின் சுற்றுப்புறம் தூராமல் இருந்தது. வயலுக்கும் உரம் கிடைத்தது. மடை வழியாகச் சிறிதளவேனும் வண்டல் வெளியேறும்படி செய்த இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் பழுது பார்க்கும்போது பல இடங்களில் கைவிடப்பட்டது.

ஆற்றணைகளிலும் இதே கவலை இருந்தது. கல்லணையில் மணல் மேடிட்டு, காவிரி ஜலம் தாழ்ந்த படுகையுள்ள கொள்ளிடத்துக்கே மிகுதியாகப் போய், தஞ்சாவூர்ப் பாசனம் குன்றியது. இதன்பின் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதிலும் மணற்போக்கிகள் வைக்கப்பட்டன. 1852-இல் முடிந்த கோதாவரியின் தவளேஸ்வரம் அணையிலும் அவை உண்டு. அணையைக் கட்டி ஜலத்தை நிறுத்துவது பாதி வேலை. அணைக்குப் பின்னால் நிற்கும் மணலுக்கு வழிவிடுவது மறு பாதி என்பதை இந்த அனுபவங்கள் போதிக்கின்றன.

5. மேட்டில் செய்யவேண்டியவை

மண் புறப்படும் இடத்திலேயே அதை நிறுத்துவது எல்லாவற்றிலும் மலிவு. சரிவு நிலங்களை மேலிருந்து கீழாக உழாமல் சரிவுக்குக் குறுக்கே உழுதல், சமமட்ட வரப்புகளைப் போடுதல், வரப்பின்மேல் வெட்டிவேரை நெருங்க நடுதல் ஆகியவை ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்தில் செய்யக்கூடியவை. வெட்டிவேர்ப் பயிர் இடைவெளியில்லாத வேலிபோல் வளர்ந்துவிட்டால் ஜலம் அதன் ஊடே கசிந்து செல்லும். மண் மேல்புறத்தில் தங்கிப் படிப்படியாகத் திட்டு உண்டாகும். ஏரியின் மேல்புறத்துப் புறம்போக்கில் மரமும் புல்லும் நிற்க வேண்டும். ஆடுமாடுகள் ஓயாமல் மேய்ந்து மொட்டையாக்கிய மேட்டிலிருந்து வரும் வெள்ளத்தை எந்தக் குழியாலும் தெளியவைக்க முடியாது.

அடுத்தது ஓடைகளில் தடுப்பணை. சிறு ஓடைகளின் குறுக்கே அங்குக் கிடைக்கும் கல்லையே அடுக்கி, 3 அடி உயரத்துக்கு மேற்படாமல் தடுப்பணைகளைத் தொடராகக் கட்டலாம். ஓர் அணையின் தலைமட்டம் அதற்கு மேலுள்ள அணையின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி இடைவெளி வைப்பது பொது விதி. ஓடையின் சரிவு 20 அடிக்கு ஓர் அடி என்றால், 3 அடி அணைகளை 60 அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். சரிவு 50 அடிக்கு ஓர் அடியானால் 150 அடிக்கு ஒன்று போதும்.

தடுப்பணைகள் பழுதாவதற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை. அணையின் இரு முனைகளும் கரைக்குள் போதிய தூரம் செலுத்தப்படாவிட்டால் ஜலம் பக்கவாட்டில் அரித்து அணையைத் தனியே நிறுத்திவிடும். நடுப்பகுதி தாழ்வாக இல்லாவிட்டால் வெள்ளம் கரையோரமாக வழிந்து அதே கேட்டை விளைவிக்கும். அணைக்குக் கீழ்ப்புறத்தில் பெருங்கற்களைப் பாவாவிட்டால், மண்ணை இறக்கிவிட்டுச் சுமையின்றி விழும் தெளிந்த ஜலம் அடித்தரையைப் பறித்து அணையையே சாய்த்துவிடும். சுமையற்ற ஜலத்துக்கு மண்ணைப் பறிக்கும் வேகம் அதிகம் என்பதை மறக்கலாகாது.

தடுப்பணை மண்ணால் நிரம்பிவிட்டால் அதன் பயன் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிரம்பிய அணைகளின் தொடர், செங்குத்தான ஓடையைப் படிக்கட்டுப்போல் ஆக்கிவிடுகின்றது. சரிவு குறைவதால் வேகம் குறைகின்றது. திட்டுகளில் புல் முளைத்து ஓடை நிலைபெறுகின்றது. ஆயினும் புதிதாக வரும் மணலுக்கு அங்கே இடம் இராது. அது கீழே சென்றே தீரும்.

6. வரத்துக்காலின் தலைப்பு

ஆற்றிலிருந்தோ பெரிய ஓடையிலிருந்தோ வரத்துக்கால் பிரியும் இடம் மிக்க முக்கியமானது. ஆறு வளையும் இடத்தில் மேல்மட்டத்துத் தெளிந்த ஜலம் வளைவின் வெளிப்புறத்துக்கும், அடிமட்டத்து மணல் உட்புறத்துக்கும் செல்லும். ஆதலால் கால்வாயின் வாய் வளைவின் வெளிப்புறத்தில் இருப்பது நலம். உட்புறத்தில் வாய் வைத்தால் ஆற்று மணலைக் கால்வாய் வலிய இழுத்துக்கொள்ளும். தலைமதகின் படி ஆற்றின் படுகையைவிட உயர்ந்திருக்க வேண்டும். அடியில் உருண்டு வரும் மணல் வாயில் நுழையாமல் தடுப்பது அப்படியே. அணையில் மணற்போக்கி இருக்குமானால் அது தலைமதகை ஒட்டியும் அதைவிடத் தாழ்ந்த மட்டத்திலும் இருக்க வேண்டும்.

கால்வாயின் வேகமும் அளவாக இருக்க வேண்டும். வேகம் மிகுந்தால் கரை அரிக்கும். குறைந்தால் தூர் படியும். 1895-இல் கென்னடி என்ற இஞ்சினீயர் பஞ்சாபின் மேல் பாரி தோவாப் கால்வாயை ஆராய்ந்து, கால்வாயின் ஆழத்துக்குத் தக்கபடி அரிப்பும் படிவும் இல்லாத ஒரு வேகம் உண்டு என்று கண்டார். அவருடைய கணக்கின்படி ஓர் அடி ஆழத்துக்கு விநாடிக்கு 0.84 அடியும், 4 அடி ஆழத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 2 அடியும் ஆகும். இந்த எண்கள் பஞ்சாப் மண்ணுக்கு உரியவை. மற்ற மண்ணுக்கு அப்படியே பொருந்தா. ஆயினும் தத்துவம் எங்கும் ஒன்றே. கால்வாயை அளவுக்கு மீறி அகலமாக வெட்டிவிட்டால் அது ஆழமின்றிப் பரந்து, வேகமிழந்து, தானே தூர்ந்துபோகும்.

7. மணற் குழி

மேட்டிலும் ஓடையிலும் தப்பிவந்த மணலை, ஏரியின் அல்லது ஊருணியின் வாயிலில் நிறுத்துவது மணற் குழி. குடிநீர் ஊருணிகளுக்கு இது இன்றியமையாதது.

குழியின் பயன் அதன் ஆழத்தைவிட மேற்பரப்பைப் பொறுத்தது என்பதைப் பலர் அறிவதில்லை. பொடிமணல் வரையில் பிடிக்க வேண்டுமானால், விநாடிக்கு ஒரு கன அடி ஜலத்துக்குக் கணக்கின்படி 38 சதுர அடிப் பரப்பு வேண்டும். ஓடும் ஜலத்தின் சுழலும் கலக்கமும் படிவைத் தடுப்பதால் அதை இரட்டித்து 80 சதுர அடி என்று கொள்வது நலம். விநாடிக்கு 10 கன அடி வரும் வரத்துக்காலுக்கு 800 சதுர அடி, அதாவது 20 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள குழி வேண்டும். அதே கால்வாயில் நுண்ணிய வண்டலையும் பிடிக்க முயன்றால் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு வேண்டியிருக்கும். ஆகவே மணலைக் குழியில் நிறுத்திவிட்டு, வண்டலை ஏரியில் படியவிட்டுப் பின்பு வயலுக்கு எருவாக எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

குழியின் தரை கால்வாயின் படுகைக்கு 3 அடி தாழ்ந்திருக்கலாம். அப்போது உள்ளே ஜலத்தின் வேகம் விநாடிக்கு 2 அங்குலம் அளவுக்குக் குறைந்துவிடும். ஜலம் நுழையும் இடத்தில் கால்வாய் திடீரென்று விரியாமல் சிறிது சிறிதாக விரிய வேண்டும். இல்லாவிடில் ஜலம் நடுவிலேயே பாய்ந்து ஓடிவிடும், இரு மூலைகளும் வீணாகும். வெளியேறும் இடத்தில் குழியின் முழு அகலத்துக்கும் கற்படி ஒன்று கட்டி, அதன் தலைமட்டத்தைப் பழைய கால்வாய்ப் படுகையின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் வண்டி இறங்கும்படி சரிவு விடுவது அவசியம். இச்சரிவை விட்டுவிட்டுக் கட்டிய குழிகள் ஒரு முறை நிரம்பியபின் எவராலும் தொடப்படுவதில்லை.

8. குழியைக் காலி செய்தல்

மேற்கூறிய குழியின் கொள்ளளவு 2,400 கன அடி. வெள்ளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மணல் வருவதாகவும், அது முழுவதும் குழியில் தங்குவதாகவும் வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கன அடி மணல் சேரும். 33 மணி நேர ஓட்டத்தில் குழி பாதி நிரம்பிவிடும். பாதி நிரம்பியபோது உள்ளே வேகம் இரட்டிக்கின்றது. முழுதும் நிரம்பினாலோ குழி இருந்தும் இல்லாததே. அதுமட்டுமன்று, அடுத்த பெருவெள்ளத்தில், தங்கிய மணலும் கிளம்பி ஏரிக்குள் சென்றுவிடக் கூடும்.

ஆதலால் குழியின் நடுவில் அளவுக்கல் ஒன்றை நட்டு, பாதி மட்டத்தில் கோடிட்டு வைக்க வேண்டும். மணல் கோட்டைத் தொட்டால் மழை விட்ட இடைவெளியிலேயே குழியைக் காலி செய்ய வேண்டும். பொறுப்பாளர் இன்னார் என்றும், கூலி இந்த நிதியிலிருந்து என்றும் முன்கூட்டியே தீர்மானம் இல்லாத கிராமம் மணற் குழி வெட்டாமலிருப்பதே மேல்.

எடுத்த மணலைக் குழியின் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பிவிடும். அதனைத் தூரத்தில் கொண்டுபோய் இட வேண்டும். அம்மணலையும், கோடையில் ஏரியிலிருந்து எடுக்கும் கரம்பை மண்ணையும் அரசாங்க விதிகளின்படி அனுமதி பெற்றே கொண்டுபோக வேண்டும். தூர் எடுப்பதைச் சாக்காக வைத்து, ஏரியின் தரையை மனம்போன ஆழத்துக்குத் தோண்டி மண் விற்பது தூர்வாருதல் ஆகாது. மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் ஜலம் வயலுக்கு ஏறுவதில்லை.

9. உரிமையும் பொறுப்பும்

தொடர் ஏரிகள் உள்ள பிரதேசங்களில் மேல் ஏரியின் கலிங்கு வழியும் ஜலமே கீழ் ஏரிக்கு வரத்து. மேல் ஏரி தன் பங்கு மண்ணைத் தங்கவைத்துக்கொண்டு தெளிந்த ஜலத்தைக் கீழே அனுப்புகின்றது. மேல் ஏரி தூர்ந்துவிட்டால் மண் யாவும் கீழ் ஏரிக்குச் செல்லும். ஆகையால் மேல் ஏரியின் பராமரிப்பில் கீழூராருக்கும் அக்கறை உண்டு. அதன் செலவில் அவர்கள் பங்கு கொள்வதும் நியாயமே.

ஆனால் பொது வரத்துக்காலின் குறுக்கே மேலூரார் புதிதாக எதைக் கட்டினாலும், தம் ஜலத்தை மறிக்கின்றனர் என்ற ஐயம் கீழூராருக்கு எழுவது இயல்பு. படுகை மட்டத்துக்கு மேல் ஓர் அங்குலமும் உயராத மணற் குழி எவர் பங்கையும் குறைப்பதில்லை. நிரம்புவதற்கு வேண்டிய முதல் ஜலம் மட்டுமே அதில் தங்கும். படுகைக்கு மேல் உயர்ந்த தடுப்பணையோ ஜலத்தையும் நிறுத்தும். எனவே வேலை தொடங்குமுன் மாமூல்நாமாவையும் ஊர் வழக்கத்தையும் பார்த்து, இரண்டு ஊராரும் சேர்ந்து மட்டம் பிடித்து, கற்படியின் உயரத்தைக் கல்லில் வெட்டிவைப்பது பின்வரும் வழக்குகளைத் தடுக்கும்.

வேலைச் சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். குடிமராமத்து என்பது பழமையான ஏற்பாடு. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சட்ட வலிமை அளித்தது. எனினும் அது பெரும்பாலான இடங்களில் செவ்வையாக நடைபெறவில்லை. 2017-இல் அப்பெயரிலேயே தமிழ்நாடு அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நிலமுள்ளவர் ஜலத்தை அனுபவிக்க, நிலமற்ற ஏழைகள் கூலியின்றி மண் சுமப்பது என்ற வழக்கம் எங்கே இருந்ததோ அங்கே குடிமராமத்து நிலைக்கவில்லை என்பது வியப்பன்று. ஆயக்கட்டின் ஏக்கர் அளவுக்குத் தக்கபடி ஒவ்வொருவரும் வேலையோ பணமோ கொடுப்பதும், மண் சுமப்பவருக்கு உரிய கூலி கொடுப்பதும், எடுத்த கரம்பையில் சிறு குடியானவருக்கு முதல் பங்கு அளிப்பதுமே நிலைத்த ஏற்பாடாகும்.

10. ஆண்டு வேலைத் திட்டம்

பங்குனி, சித்திரை மாதங்களில் ஏரி வற்றியதும், முகத்துவாரத்து மேட்டையும் மடையின் முன்புறத்தையும் முதலில் தூர்வார வேண்டும். வைகாசி, ஆனியில் மேட்டு நில வரப்புகளையும் தடுப்பணைகளையும் பழுது பார்க்கலாம். ஆடியில் வெட்டிவேரும் புல்லும் நடலாம். ஆவணி முடிவதற்குள் மணற் குழியைக் காலி செய்து, அளவுக்கல்லைத் துலக்கி, வரத்துக்காலைச் செதுக்கி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு பெருமழைக்கும் பின்பு நீர்க்கட்டி அளவுக்கல்லைப் பார்த்து ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும். தை மாதத்தில் அவ்வாண்டு குழியிலிருந்து எடுத்த வண்டிகளின் கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். குழியிலிருந்து எடுத்த ஒவ்வொரு வண்டி மணலும் ஏரிக்குள் போகாமல் தடுக்கப்பட்ட மணல். அவ்வளவு ஜலம் கடைமடைக்கு மிச்சம்.

கிராம சபையில் விசாரித்தற்குரிய வினாக்கள்

1. ஏரியின் நீர்ப்பரப்பு எத்தனை ஏக்கர்? ஓர் அங்குலத் தூரினால் எத்தனை ஏக்கர் பயிருக்குரிய ஜலம் நஷ்டமாகும்?

2. வரத்துக்காலின் வெள்ளத்தில் மணல் அதிகமா, வண்டல் அதிகமா? புட்டிச் சோதனை எந்த மழையில் செய்யப்பட்டது?

3. ஓடைகளில் உள்ள தடுப்பணைகளுள் எவற்றின் முனைகள் அரிக்கப்பட்டுள்ளன? எவற்றின் கீழ்ப்புறத்தில் கல் பாவப்படவில்லை?

4. மணற் குழியைக் காலி செய்யும் பொறுப்பு யாருடையது? கூலி எந்த நிதியிலிருந்து வரும்?

5. மேலூராரும் கீழூராரும் சேர்ந்து கடைசியாக வரத்துக்காலை நடந்து பார்த்தது எந்த ஆண்டில்?